அமெரிக்க ஜெயிலில் சோப்பு என்ன விலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் சிறையில் இருக்கிறார்கள். அவர்கள் பற்பசை, நாப்கின், நூடுல்ஸ், அம்மாவோடு போனில் பேசும் நிமிடம் என்று எல்லாவற்றுக்கும் காசு கொடுக்கிறார்கள், அதுவும் வெளிவிலையை விட அதிகமாக, என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்பிய பிறகு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சாப்பாடு, துணி, படுக்கை எல்லாம் அரசாங்கமே தருமே, உள்ளே எதற்குக் கடை?

தரும், சட்டப்படி தந்தாக வேண்டும். ஆனால் தருவது போதுமா என்று யாரும் பார்ப்பதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலச் சிறைகளில் சோப்பு இலவசம். அப்படியிருந்தும் 2016 நிதியாண்டில் மட்டும் அங்கிருந்த கைதிகள் 2,45,000-க்கும் மேற்பட்ட சோப்புக் கட்டிகளைத் தங்கள் காசில் வாங்கினார்கள், மொத்தம் சுமார் 2,15,000 டாலருக்கு. இலவச சோப்பு போதுமானதாக இருந்திருந்தால் இவ்வளவு பேர் எதற்காகக் காசு கொடுத்து வாங்கப் போகிறார்கள்?

சாப்பாடும் இதே கதைதான். மாலை 4, 5 மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடும் சிறைகள் நிறைய, அதன் பிறகு விடியும்வரை ஒன்றும் கிடையாது. தரம் எப்படி என்றால், மிச்சிகன் மாநிலம் 2013-இல் சிறைச் சமையலைத் தனியாரிடம் கொடுத்தது, அடுத்த வருடமே சமையலறையில் புழு நெளிந்த செய்தி வந்தது, ஒப்பந்தக்காரரை மாற்றிப் பார்த்தார்கள், கடைசியில் 2018-இல் சமையலை அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. அலபாமாவில் இன்னும் மோசம். கைதிகளின் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சமானதை ஷெரிஃப், அதாவது உள்ளூர் ஜெயிலை நடத்தும் போலீஸ் தலைவர், தன் சொந்தப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பழைய சட்டத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எட்டோவா கவுன்ட்டியின் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் மூன்று வருடத்தில் 7,50,000 டாலருக்கும் மேல் எடுத்துக்கொண்டதும், கடற்கரையில் ஒரு வீடு வாங்கியிருந்ததும் 2018-இல் வெளியே வந்து நாறியது. 2019-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

சாப்பாடு மிச்சமானால் சமைப்பவருக்கு லாபம் என்று இருக்கும் இடத்தில் கைதி கடையில் வாங்கித்தான் வயிற்றை நிரப்ப வேண்டும். அந்தக் கடைக்குப் பெயர் கமிசரி.

கமிசரியில் எப்படி வாங்குவார்கள்? பையில் காசு வைத்திருப்பார்களா?

கையில் காசு வைத்திருக்க அனுமதி இல்லை. ஒவ்வொருவருக்கும் சிறையில் ஒரு கணக்கு இருக்கும். உள்ளே செய்யும் வேலைக்கான கூலி, வீட்டிலிருந்து அனுப்பும் பணம் இரண்டும் அதில் விழும். பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறை ஆர்டர். அச்சடித்த பட்டியலில் எண்ணிக்கையைக் குறித்துக் கொடுப்பார்கள், இப்போது பல இடங்களில் டேப்லெட்டில். ஓரிரு நாள் கழித்துப் பொருள் வாயைக் கட்டிய கண்ணாடிப் பிளாஸ்டிக் பையில் ரசீதோடு வரும். பல ஜெயில்களில் பையைப் பிரிப்பதற்கு முன்பே, வெளியிலிருந்து பார்த்தபடியே, ரசீதோடு எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பிரித்த பிறகு ஒரு பாக்கெட் குறைகிறது என்றால் அது உங்கள் தலையெழுத்து. பக்கத்துக் கடையில் விலை குறைவு என்று அங்கே போக வழியில்லை, ஏனென்றால் பக்கத்துக் கடை என்று ஒன்றே கிடையாது.

சரி, அவர்களுக்குத்தான் கூலி வருகிறதே?

வருகிறது, ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். மத்தியச் சிறைகளில், அதாவது மத்திய அரசு நடத்தும் சிறைகளில், சமையல், துப்புரவு போன்ற சாதாரண வேலைக்கு மணிக்கு 12 சென்ட் முதல் 40 சென்ட் வரை. தொழிற்கூட வேலை என்றால் 23 சென்டில் ஆரம்பித்து 1 டாலர் 15 சென்ட் வரை போகும், ஆனால் அந்த வேலை எல்லோருக்கும் கிடைக்காது. டெக்சஸ், ஜார்ஜியா, அலபாமா உட்படச் சில தென் மாநிலங்களில் பெரும்பாலான சிறை வேலைக்குக் கூலியே கிடையாது. மணிக்குக் கூலி இல்லாமல் எப்படி வேலை வாங்க முடியும் என்று கேட்கலாம். 1865-இல் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் "குற்றத்துக்குத் தண்டனையாக" என்று ஒரு விலக்கை வைத்திருக்கிறது, அதுதான் வழி விட்டது.

மணிக்கு 12 சென்ட் வாங்குபவர் 2 டாலர் பற்பசைக்கு 16 மணி நேரம் 40 நிமிடம் உழைக்க வேண்டும். விலை ஏற்றமா இறக்கமா என்பதை வெளியே இருப்பவர் டாலரில் பார்க்கிறார், உள்ளே இருப்பவர் மணிக்கணக்கில் பார்க்கிறார். வெளிவிலைக்கே விற்றாலும் உள்ளே அது கொள்ளை விலைதான்.

விலை உண்மையிலேயே அவ்வளவு மோசமா, ஓரிரண்டு உதாரணம் சொல்லுங்கள்.

அரிசோனாவில் 2018 வரை பெண் கைதிகளுக்கு மாதத்துக்கு 12 நாப்கின் இலவசம், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் 16 நாப்கின் உள்ள பாக்கெட் 3 டாலர் 20 சென்ட். கூலி மணிக்கு 15 சென்ட். ஒரு பாக்கெட்டுக்கு 21 மணி நேர உழைப்பு. ஒரு பெண் எம்எல்ஏ மசோதா கொண்டு வந்து, கைதியாக இருந்த பெண்கள் நேரில் போய்ச் சாட்சி சொல்லி, மக்கள் நாப்கின்களை வாங்கி அந்த மசோதாவை முடக்கிய சக உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் சிறைத்துறை இலவச எண்ணிக்கையை 36 ஆக்கியது. அதே வருட டிசம்பரில் வந்த சட்டம் மத்தியச் சிறைகளில் நாப்கினை இலவசமாக்கியது, ஆனால் அது மாநிலச் சிறைகளைக் கட்டுப்படுத்தாது.

இன்னொன்று தண்ணீர். டெக்சஸ் சிறைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் தூங்கும் இடத்தில் ஏசி கிடையாது, கோடையில் செல்லுக்குள் சூடு 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். 2023 கோடையில், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில், கமிசரியில் 24 பாட்டில் தண்ணீரின் விலை 4 டாலர் 80 சென்டிலிருந்து 7 டாலர் 20 சென்டாக ஏறியது. ஒரேயடியாக 50 சதவீதம். கூலியே கொடுக்காத மாநிலம் இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு விலை? கம்பெனிகளின் பேராசையா?

பேராசை இல்லாமல் இல்லை, ஆனால் விஷயம் அதோடு முடிந்தால் சுலபமாக இருந்திருக்கும். என் பார்வையில் முடிச்சு இருப்பது டென்டரில். சாதாரண டென்டரில் யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கு வேலை. ஜெயில் கமிசரி, ஜெயில் போன் டென்டர்களில் பல இடங்களில் தலைகீழ்: விற்பனையில் யார் அதிகப் பங்கை ஜெயிலுக்குத் தருகிறாரோ அவருக்கு ஒப்பந்தம். கமிஷன் என்பதை மறைக்கவும் மாட்டார்கள், ஒப்பந்தத்திலேயே அந்தப் பெயரில் எழுதியிருக்கும். போன் விஷயத்தில் வசூலில் பாதிக்கு மேல் வாங்கிய கவுன்ட்டிகளும் உண்டு. அதிகக் கமிஷன் கொடுக்க வேண்டுமென்றால் விலையை ஏற்ற வேண்டும், விலை ஏறினால் கமிஷனும் ஏறும். இதில் யாருக்குமே விலையைக் குறைக்கக் காரணம் இல்லை. பொருளை வாங்குபவர் கைதி, ஆனால் கம்பெனி திருப்திப்படுத்த வேண்டிய ஆள் ஷெரிஃப்.

அந்தக் கமிஷன் எங்கே போகிறது என்றால் பல மாநிலங்களில் கைதிகள் நல நிதி என்று ஒன்று இருக்கிறது. கேபிள் டிவி, விளையாட்டுச் சாமான், நூலகப் புத்தகம் எல்லாம் அதிலிருந்து வாங்குவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அரசு செய்ய வேண்டிய செலவைக் கைதியின் அம்மாவிடமிருந்து வசூலித்து, அதற்கு நல நிதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் அதைச் சொல்லலாம். நான் அப்படித்தான் சொல்வேன்.

கம்பெனிகளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கமிசரி வியாபாரத்தில் மிகப் பெரிய பெயர் கீஃப் குரூப். சிறைச் சமையல் ஒப்பந்தங்களில் பெரிய பெயர்களில் ஒன்று டிரினிட்டி. இரண்டுமே ஹெச்.ஐ.ஜி. கேபிடல் என்ற ஒரே முதலீட்டு நிறுவனத்தின் கைக்குள் வந்தவை. தட்டில் சோறு போடுவதும், அந்தச் சோறு போதாமல் வாங்கும் நூடுல்ஸை விற்பதும் ஒரே முதலாளி. மேலே சொன்ன மிச்சிகன் சமையலை இரண்டாவதாக எடுத்தது இந்த டிரினிட்டிதான்.

பாதுகாப்புச் சோதனை, சின்ன பாக்கெட், கண்ணாடி உறை என்று கூடுதல் செலவு ஆகும் அல்லவா?

ஆகும். அதற்காகச் சில சதவீதம் கூடினால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இந்தக் கடைக்குக் கடைத்தெரு வாடகை கிடையாது, விளம்பரச் செலவு கிடையாது, போட்டி கிடையாது, கடன் வைப்பவர் கிடையாது. கழித்தலையும் சேர்த்துத்தானே கணக்குப் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்தே ஒரு பார்சல் கட்டி அனுப்பிவிட்டால்?

முன்பு நியூயார்க் மாநிலத்தில் அது முடியும். பழம், காய்கறி, துணி என்று குடும்பத்தினர் நேரில் கொண்டுபோயும் தரலாம், தபாலிலும் அனுப்பலாம். 2022-இல் கட்டுப்பாடு வந்தது, போதைப்பொருள் உள்ளே வருகிறது என்பது காரணம். அதன் பிறகு பெரும்பாலும் விற்பனையாளர்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும், அதாவது அவர்கள் விலை, அவர்கள் அனுப்பும் கட்டணம். மற்றப் பல மாநிலங்களில் இது எப்போதோ வந்துவிட்டது.

நான் 50 டாலர் அனுப்பினால் 50 டாலரும் போய்ச் சேருமா?

பெரும்பாலும் சேராது. முதலில் அனுப்பும் கட்டணம். இணையத்தில், போனில் அனுப்பினால் கம்பெனி ஒரு தொகை எடுக்கும், சிறிய தொகைக்கு விகிதாசாரத்தில் அதிகமாக எடுக்கும். வாரம் 10, 20 என்று அனுப்பக்கூடிய ஏழைக் குடும்பம்தான் இதில் அதிகம் இழக்கிறது. அப்புறம் சிறை தன் பங்குக்குப் பிடிக்கும்: நீதிமன்றக் கட்டணம், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு, மருத்துவக் கட்டணப் பாக்கி. 2020-இல் நெவாடா மாநிலம் வீட்டிலிருந்து வரும் பணத்தில் 80 சதவீதம் வரை பிடிக்க ஆரம்பித்தது. 100 டாலர் அனுப்பினால் மகன் கையில் 20. குடும்பங்கள் சும்மா விடவில்லை, அடுத்த வருடமே பிடித்தத்துக்கு வரம்பு வைத்துச் சட்டம் வந்தது.

இழப்பீடு கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குற்றம் செய்தது மகன், ஆனால் பணத்தைச் சம்பாதித்து அனுப்பியது அம்மா. அவர் எதற்கு அபராதம் கட்ட வேண்டும்?

போன் கட்டணம் குறைந்துவிட்டது என்று படித்தேனே?

குறைந்தது, அப்புறம் இழுபறி ஆனது. கதை கொஞ்சம் நீளம். வாஷிங்டனைச் சேர்ந்த மார்த்தா ரைட்-ரீட் என்ற கண் தெரியாத பாட்டி, தூரத்துச் சிறைகளில் இருந்த தன் பேரனோடு பேச மாதா மாதம் தன்னால் தாங்க முடியாத பில் கட்டிக்கொண்டிருந்தார். கண் தெரியாதவருக்குக் கடிதம் ஒரு வழியில்லை, போன் ஒன்றுதான். 2000-இல் வழக்குப் போட்டார், 2003-இல் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்தில் மனு கொடுத்தார். ஆணையம் 10 வருடம் கழித்து, 2013-இல், மாநிலம் விட்டு மாநிலம் பேசும் அழைப்புகளுக்கு மட்டும் நிமிடத்துக்கு 21 முதல் 25 சென்ட் என்று உச்சவரம்பு வைத்தது. மாநிலத்துக்குள் பேசும் அழைப்புக்கும் வரம்பு வைக்கப் பார்த்தபோது கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் 2017-இல் ஜெயித்தன. பாட்டி 2015-லேயே இறந்துவிட்டார். அவர் பெயரிலேயே ஒரு சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தானது. அதை வைத்து 2024 ஜூலையில் ஆணையம் பெரிய சிறைகளில் நிமிடத்துக்கு 6 சென்ட் என்று குறைத்தது, கமிஷனுக்கும் தடை போட்டது. பெரிய ஜெயில்களில் 11 டாலர் 35 சென்ட் வரை ஆகிக்கொண்டிருந்த 15 நிமிடப் பேச்சு 90 சென்டுக்கு வந்துவிடும் என்பது கணக்கு. 2025 ஜூனில், தலைமை மாறிய ஆணையம், அந்த விதிகளை 2027 ஏப்ரல் வரை தள்ளிவைத்தது, அதே வருட அக்டோபரில் அந்த வரம்பையே உயர்த்தியது.

இதற்காகக் காத்திருக்காமல் போனை முழுதாக இலவசமாக்கிய இடங்களும் உண்டு. நியூயார்க் நகரம் 2019-இல், மாநிலச் சிறைகளில் முதலில் கனெக்டிகட், பிறகு கலிபோர்னியா, மினசோட்டா, மாசசூசெட்ஸ். எதுவும் இடிந்து விழவில்லை.

உடம்பு சரியில்லை என்றால் அதற்குமா காசு?

ஆமாம். மத்தியச் சிறையில் தானாகக் கேட்டு டாக்டரைப் பார்த்தால் 2 டாலர், பல மாநிலங்களில் 2 முதல் 5 டாலர். டெக்சஸ் 2011-இல் வருடத்துக்கு 100 டாலர் என்று வைத்து, 2019-இல் ஒரு தடவைக்கு 13 டாலர் 55 சென்ட் என்று மாற்றியது. சில டாலருக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றினால் மேலே கூலி பற்றிய கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பவரிடமிருந்து பக்கத்துக் கட்டிலுக்குத் தொற்று பரவும், அந்தச் செலவு சிறைக்குத்தான். கலிபோர்னியா 2019-இல் இந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டது.

டேப்லெட் இலவசமாகத் தருகிறார்களாமே, படிக்கலாம் அல்லவா?

டேப்லெட் இலவசம், படிப்பது இலவசம் இல்லை. 2019-இல் மேற்கு வர்ஜீனியா சிறைகளில் டேப்லெட்டில் புத்தகம் படிக்க நிமிடத்துக்குச் சில சென்ட் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் புத்தகங்களோ காப்புரிமை முடிந்து இணையத்தில் யாரும் சும்மா எடுத்துப் படிக்கக்கூடியவை. மெதுவாகப் படிப்பவர் அதிகம் கட்ட வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் நிறைந்த இடத்தில் இது யாருக்குத் தோன்றிய யோசனையோ.

யாருமே பணம் அனுப்பாத ஆள் என்ன செய்வார்?

கணக்கில் ஒரு மாதமாகச் சில டாலர்கூட இல்லாதவர்களுக்குச் சின்ன சோப்பு, பற்பசை, தபால் உறை கொண்ட இலவசப் பை தரும் சிறைகள் உண்டு. சில இடங்களில் அதுவும் கடன் கணக்கில் ஏறி, பிறகு யாராவது பணம் போட்டால் முதலில் அது கழியும்.

மற்றபடி உள்ளே ஒரு தனிச் சந்தை நடக்கிறது. ஒருவர் தன் பெட்டியில் நூடுல்ஸ், காப்பித்தூள் சேர்த்துவைத்துக் கடனுக்குக் கொடுப்பார், ஒன்று வாங்கினால் அடுத்த கமிசரி நாளில் இரண்டாகத் திருப்ப வேண்டும். துணி துவைத்துக் கொடுத்து, முடி வெட்டி, படம் வரைந்து கொடுத்து நூடுல்ஸ் பாக்கெட்டாகக் கூலி வாங்குவார்கள். சாப்பாட்டின் அளவும் தரமும் குறையக் குறைய, சிகரெட்டின் இடத்தை நூடுல்ஸ் பிடித்துக்கொண்டது என்று அரிசோனா பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒருவர் 2016-இல் ஒரு சிறையைக் கவனித்து எழுதினார். கடனைத் திருப்பாதவருக்கு அடி உதை உண்டு. சிறை வன்முறை என்று செய்தியில் வருவதில் எத்தனையோ சண்டை நாலு பாக்கெட் நூடுல்ஸில் ஆரம்பித்ததுதான்.

தப்பு செய்தவர்கள் கஷ்டப்படட்டுமே?

இந்தக் கேள்வி வராமல் இருந்ததே இல்லை. முதலில், கவுன்ட்டி ஜெயில்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் தண்டிக்கப்படவே இல்லை. ஜாமீன் கட்டக் காசில்லாமல் விசாரணைக்குக் காத்திருப்பவர்கள். விலை மிக மோசமாக இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டாவது, நீதிபதி கொடுத்த தண்டனை இத்தனை வருடம் என்பது. சோப்புக்கு மேல்விலை என்று எந்தத் தீர்ப்பிலும் இல்லை. அந்த மேல்விலையைக் கட்டுவதும் பெரும்பாலும் வெளியே இருக்கும் மனைவி, அக்கா, பாட்டி. சம்பாதிக்கும் ஆள் உள்ளே போய், வருமானம் பாதியான வீட்டிலிருந்து வரும் பணம் அது.

கமிசரி விலையை எங்காவது குறைத்திருக்கிறார்களா?

கலிபோர்னியாவில் 2023-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. மாநிலச் சிறைக் கமிசரியில் கொள்முதல் விலைக்கு மேல் 35 சதவீதத்துக்கு அதிகமாக வைக்கக் கூடாது, 2028 தொடக்கம் வரை. 35 சதவீதமே அதிகம் என்பேன், ஆனால் ஒரு வரம்பு என்று எழுத்தில் வந்ததே பெரிய விஷயம். இதில் ஓட்டை என்னவென்றால் கொள்முதல் விலையே ஏறினால் சட்டம் ஒன்றும் செய்யாது. டென்டரில் குறைந்த விலையைக் கேட்காதவரை அந்த ஓட்டை இருக்கும்.

விடுதலையாகும்போது கணக்கில் மீதி இருந்தால்?

பல இடங்களில் ரொக்கமாகத் தர மாட்டார்கள், டெபிட் கார்டில் போட்டுத் தருவார்கள். மீதி பார்க்கக் கட்டணம், பயன்படுத்தாமல் வைத்திருந்தால் கட்டணம் என்று அந்தக் கார்டே பணத்தைத் தின்ன ஆரம்பிக்கும். 2021-இல் ஜேபே என்ற கம்பெனி இந்தக் கார்டு விவகாரத்தில் மாட்டி, நுகர்வோருக்கு 40 லட்சம் டாலர், அபராதம் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. கார்டு கையில் வந்த அன்றே முழுப் பணத்தையும் எடுத்துவிடுவது நல்லது.

எங்கள் உறவினர் ஒருவர் உள்ளே போயிருக்கிறார். முதலில் என்ன செய்ய வேண்டும்?

அவசரப்பட்டு இணையத்தில் பணம் போடாதீர்கள். அந்த ஜெயிலின் இணையதளத்தில் பணம் அனுப்பும் எல்லா வழிகளும் இருக்கும், தபாலில் மணி ஆர்டர் அனுப்பினால் பல இடங்களில் கட்டணம் இல்லை, சில நாள் தாமதம் மட்டும். கணக்கிலிருந்து என்னென்ன பிடிப்பார்கள், எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், கேட்டால் சொல்லியாக வேண்டும் என்ற தோரணையிலேயே கேளுங்கள். அடிக்கடி சிறு தொகைக்குப் பதில் மாதம் ஒருமுறை மொத்தமாக அனுப்பினால் கட்டணம் மிச்சம். போன் கணக்கில் போடும் பணமும் கமிசரிக் கணக்கில் போடும் பணமும் பெரும்பாலும் வேறு வேறு கணக்கு, ஒன்றில் போட்டதை மற்றதுக்கு மாற்றுவது பெரும்பாடு. கமிசரிப் பட்டியலின் ஒரு நகலைக் கடிதத்தில் அனுப்பச் சொல்லுங்கள், எதற்கு எவ்வளவு தேவை என்று உட்கார்ந்து கணக்குப் போட அது இல்லாமல் முடியாது.